அப்பாவின் போனுக்கு மூன்று தேதிகள்

கர்ப்பம் உறுதியானதும் கிராம சுகாதார செவிலியர் பதிவேட்டில் ஒரு கைபேசி எண்ணைக் குறித்துக்கொள்கிறார். பல வீடுகளில் அது கணவரின் எண். மத்திய சுகாதார அமைச்சகம் 2016 ஜனவரியில் தொடங்கிய 'கில்காரி' திட்டம், கர்ப்பத்தின் நான்காம் மாதத்திலிருந்து குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரை வாரம் ஒன்றாக 72 குரல் செய்திகளை அனுப்பக்கூடியது. அதில் 'டாக்டர் அனிதா' என்ற பாத்திரம் தாயிடம் அன்பாகப் பேசும். போன் அடிப்பதோ பட்டறையில் நிற்கும் கணவரின் சட்டைப்பையில். எடுத்துக் கேட்கிறவருக்கு அதில் தன்னைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. தபால்காரர் மாதிரி வீட்டுக்கு எடுத்துப்போய்க் கொடுக்க வேண்டியதுதான் அவர் வேலை என்று ஆகிவிடுகிறது.

தமிழ் அப்பாக்களுக்கென்று ஒரு குறுஞ்செய்தித் திட்டம் தொடங்க நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறோம். அப்பாவிடமே பேசும் குறுஞ்செய்தி எப்படி இருக்கும் என்று பார்க்க ஆஸ்திரேலியாவுக்குப் போகலாம். நியூகாசில் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஃபிளெட்சர் தலைமையிலான குழு உருவாக்கிய 'எஸ்எம்எஸ்4டாட்ஸ்' அங்கே பல ஆண்டுகளாக ஓடுகிறது. அப்பா தன் எண்ணையும் பிரசவத் தேதியையும் கொடுத்துச் சேர்ந்துகொள்கிறார். வாரத்துக்கு ஏறத்தாழ மூன்று செய்திகள், குழந்தைக்கு ஒரு வயது வரை. பாதிக் கதை அதோடு முடிகிறது. மீதிப் பாதி, சில வாரங்களுக்கு ஒருமுறை 'மனசு எப்படி இருக்கிறது?' என்று வரும் கேள்வி. 'மோசம்' என்று பதில் போனால், பிரசவகால மனநலத்துக்கென்றே இயங்கும் 'பாண்டா' என்ற அமைப்பிலிருந்து ஒருவர் திரும்ப அழைக்க வழி வைத்திருக்கிறார்கள். அங்குள்ள பூர்வகுடி அப்பாக்களுக்கு இதே தொகுப்பை அப்படியே தள்ளிவிடாமல் தனியாக ஒன்று செய்தார்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

ஏனென்றால் அந்தச் செய்திகளைத் தமிழில் பெயர்த்து அனுப்பினால் இங்கே பாதி பொருந்தாது. 'இன்று இரவு நீங்கள் டயப்பர் மாற்றுங்கள்' என்ற செய்தி பிறந்து பத்தாம் நாள் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைச்சன் குழந்தையின் அப்பா அப்போது எங்கே இருப்பார்? ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடிந்து மனைவி தாய்வீட்டுக்குப் போயிருப்பார். பிரசவம் அங்கே. குழந்தை மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோதான் அப்பா வீட்டுக்கு வரும். அதுவரை அவர் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வந்து, மாமியார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, குழந்தையைப் பத்து நிமிடம் மடியில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர். துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்த்தால் அதுவும் கிடையாது. டயப்பர் செய்தி அவருக்குக் கேலியாகத்தான் படும்.

அதனால் எங்கள் கணக்கு இது: ஆங்கிலத் திட்டங்கள் ஒரு தேதியை வைத்து ஓடுகின்றன, அது பிரசவத் தேதி. தமிழ் வீட்டு அப்பாவுக்கு மூன்று தேதிகள் வேண்டும். கடைசி மாதவிலக்கு தேதி, பிறந்த தேதி, குழந்தை அவர் வீட்டுக்குள் வந்த தேதி. ஒவ்வொரு செய்தியும் இந்த மூன்றில் ஏதாவது ஒன்றோடு கட்டப்பட்டிருக்க வேண்டும்.

முதல் தேதியில்தான் முதல் தவறு நடக்கும். கடைசி மாதவிலக்கின் முதல் நாளோடு 280 நாள் கூட்டினால் எதிர்பார்க்கும் பிரசவத் தேதி. தாய்-சேய் அட்டையில் இரண்டுக்கும் கட்டம் இருக்கும், ஆனால் பதிகிறவர் அவசரத்தில் ஒன்றின் இடத்தில் மற்றதை எழுதினால் செய்திகள் ஒன்பது மாதம் பிசகிவிடும். கணினியில் இதைத் தடுப்பது எளிது: மாதவிலக்கு தேதி என்று வருவது பதிவு நாளுக்கு முன்னால் இருக்க வேண்டும், பிரசவத் தேதி பின்னால். தேதி நினைவில்லை என்றால் பண்டிகையை வைத்துக் கேட்டுப் பாருங்கள். 'பொங்கலுக்கு முன்னாடியா, பின்னாடியா?' என்றால் பதில் வந்துவிடும். முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்த ஸ்கேன் வேறு தேதி காட்டி மருத்துவர் அதை ஏற்றிருந்தால் அட்டையில் இருப்பதையும் செய்தியின் கணக்கையும் ஒரே நாளில் மாற்றுங்கள்.

இரண்டாவது தேதி தானாக வராது, யாராவது சொல்ல வேண்டும். 36ஆம் வாரத்தில் ஒரு செய்தி போக வேண்டும்: குழந்தை பிறந்ததும் இந்த எண்ணுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுங்கள் என்று. 40 வாரம் முடிந்தும் மிஸ்டு கால் வரவில்லை என்றால் கர்ப்பச் செய்திகளை நிறுத்திவிட்டு, எந்தப் பக்கமும் சாயாத ஒரே வரி அனுப்பலாம். 42 வாரம் தாண்டியும் பதில் இல்லையா, ஒரு மனிதர் போன் செய்து கேட்க வேண்டும். தேதி கடந்துவிட்டது, பிறந்திருக்கும் என்று கணினி தானாக முடிவுகட்டி 'வாழ்த்துகள் அப்பா' அனுப்பவே கூடாது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம் என்றால், எல்லாக் கர்ப்பமும் குழந்தையில் முடிவதில்லை. கரு கலைந்த வீட்டுக்கு, குழந்தை இறந்து பிறந்த வீட்டுக்கு, மறுநாள் காலை 'அப்பா, இன்னைக்கு நான் எலுமிச்சம்பழம் அளவு இருக்கேன்' என்று ஒரு செய்தி போனால் அதைவிடக் கொடுமை இருக்க முடியாது. செய்தித் திட்டம் செய்யக்கூடிய ஆகப்பெரிய தீங்கு இதுதான், இதற்கான ஏற்பாட்டைத்தான் முதலில் எழுத வேண்டும், கடைசியில் அல்ல. தென்னாப்பிரிக்க அரசு 2014இல் தொடங்கிய 'மாம்கனெக்ட்' திட்டத்தில் இழப்புக்கென்றே தனிச் செய்தித் தொகுப்பு வைத்தார்கள். நம் திட்டத்தில் குறைந்தபட்சம் நான்கு வேண்டும். நிறுத்துவதற்கு மட்டும் தனி மிஸ்டு கால் எண், காரணம் கேட்காதது. செவிலியரும் மருத்துவமனையும் தங்கள் பக்கத்திலிருந்து அதே நாளில் நிறுத்தக்கூடிய ஒரு பொத்தான். ஏற்கெனவே நாளைக்கென்று வரிசையில் நிற்கும் செய்தியையும் சேர்த்து அழிக்கும் ஏற்பாடு, ஏனென்றால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்த பிறகும் வரிசையில் நின்றது போய்ச் சேரும். நான்காவது, பெரியவர் குரலில் ஒரே ஒரு ஆறுதல் செய்தி, பேச ஆள் வேண்டுமானால் எந்த எண் என்பதோடு. அதற்குப் பிறகு மௌனம்.

எலுமிச்சம்பழச் செய்தியில் பேசியது குழந்தை. எஸ்எம்எஸ்4டாட்ஸில் பல செய்திகள் குழந்தையின் குரலில் வருபவை. தமிழில் இந்த உத்திக்கு இன்னொரு நன்மை உண்டு. 'அவன் உதைக்கிறான்', 'அவள் தூங்குகிறாள்' என்று எழுத நேர்ந்தால் ஆணா பெண்ணா என்ற கேள்வி வந்துவிடும். பிறப்பதற்கு முன் அதை யாரும் சொல்லக்கூடாது, 1994ஆம் ஆண்டுச் சட்டமும் அதைத் தடுக்கிறது. 'நான் உதைக்கிறேன்' என்றால் அந்தச் சிக்கலே இல்லை. இரட்டைக் குழந்தை என்று தெரிந்தால் 'நாங்க'. ஆனால் எல்லாவற்றையும் குழந்தை சொல்லக்கூடாது. ரத்தப்போக்கு, வலிப்பு, காய்ச்சல், அப்பாவின் மனநிலை, பணம் இவற்றையெல்லாம் அனுபவமுள்ள ஒரு பெரியவரின் குரலில், திட்டத்தின் பெயரோடு எழுதுங்கள். 'அம்மாவுக்கு ரத்தம் போகுது பார்த்துக்கோங்க' என்று கருவிலிருக்கும் குழந்தை பேசினால் படிக்கிறவருக்கு உடம்பு கூசும்.

இப்போது ஒரு செய்தியை மேசைமேல் வைத்துப் பார்ப்போம். ஏழாம் மாத நடுவில், மனைவி தாய்வீடு போனபின் போவது:

'அப்பா, என் காதுக்கு உங்க குரல் எட்டுது. இன்னைக்கு அம்மாகிட்ட போன்ல பேசும்போது ஸ்பீக்கர்ல போடச் சொல்லுங்க.'

ஆங்கில எழுத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 இடம். தமிழ் எழுத்து வந்தவுடன் அது 70ஆகச் சுருங்கும். நீளம் கூடிப் பல துண்டாகப் போனால் துண்டுக்கு 67. தமிழில் ஒரு எழுத்து ஒரு இடம் என்றும் கணக்கில்லை. 'அப்பா' நம் கண்ணுக்கு மூன்று எழுத்து, கணினிக்கு ஐந்து இடம்: அ, ப, புள்ளி, ப, கால். 'குழந்தை' ஏழு இடம். மேலே உள்ள செய்தி இடைவெளியும் புள்ளியும் சேர்த்து 105 இடம், அதாவது இரண்டு துண்டு, இரண்டு கட்டணம். 'அப்பா, உங்க குரல் எனக்குக் கேக்குது. போனை ஸ்பீக்கர்ல போடச் சொல்லுங்க.' என்று வெட்டினால் 69இல் அடங்கும். ஆனால் 'இன்னைக்கு' போய்விட்டது, 'அம்மாகிட்ட' போய்விட்டது. யார் போனை, யாரிடம் சொல்ல வேண்டும் என்று அப்பா ஒரு நொடி யோசிப்பார். அந்த நொடியில் செய்தி செத்துவிடும். இரண்டு துண்டுக்குப் பணம் ஒதுக்குங்கள், மூன்றாவதுக்குப் போகாதீர்கள் என்பதே எங்கள் அறிவுரை. 134 இடம் என்பது ஒரு விஷயத்தை ஒழுங்காகச் சொல்லப் போதும்.

எழுத்து சம்பந்தமாக இன்னொரு பொறி இருக்கிறது. 'சொ' என்பதில் உள்ள ஒகரக் குறியைச் சில மென்பொருள்கள் ஒரே குறியாகச் சேமிக்கின்றன, சில ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டாக. பார்வைக்கு வித்தியாசமே தெரியாது, இடக்கணக்கு மட்டும் கூடும். இந்தியாவில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018ஆம் ஆண்டு விதிமுறைப்படி நிறுவனமும், அனுப்புநர் பெயரும், ஒவ்வொரு செய்தியின் வாசகமும் முன்கூட்டியே பதிவாகியிருக்க வேண்டும். அனுப்பும் வாசகம் பதிவானதோடு பொருந்தாவிட்டால் வழியிலேயே நிற்கும். இரண்டுவிதச் சேமிப்பு இங்கே வந்து கழுத்தைப் பிடிக்கும். எல்லா வாசகங்களையும் பதிவதற்கு முன் ஒரே வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். செய்திக்குள் இணைய முகவரி வைத்தால் அதையும் முன்கூட்டி அனுமதிப் பட்டியலில் சேர்க்க வேண்டும். 2024 அக்டோபரிலிருந்து சேர்க்காத முகவரியோடு போகும் செய்தி தடுக்கப்படுகிறது.

எத்தனை வாசகம் என்றும் கணக்குப் போடலாம். 12ஆம் வாரம் தொடங்கி 40 வரை 28 வாரம், பிறகு 52 வாரம், மொத்தம் 80. வாரத்துக்கு மூன்று என்றால் 240. இரண்டு போதும் என்பது எங்கள் கருத்து, அது 160. ஒவ்வொன்றுக்கும் தனி ஒப்புதல் வேண்டும் என்பதால் தொடங்குவதற்குப் பல வாரம் முன்பே வேலை முடிந்திருக்க வேண்டும்.

எண்ணுக்குப் பதிலாகப் பெயரெழுத்துகளால் ஆன அனுப்புநரிடமிருந்து வரும் செய்திக்குப் பதில் அனுப்ப முடியாது. 'நிறுத்த வேண்டுமானால் பதில் அனுப்புங்கள்' என்று வெளிநாட்டுத் திட்டத்தைப் பார்த்து எழுதியவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள். அப்பா பதில் எழுதுவார், போகாது, எரிச்சல் வரும், எண்ணை முடக்கிவிடுவார். மிஸ்டு கால்தான் நமக்குக் கைவந்த வழி, செலவும் இல்லை. வாட்ஸ்அப் வைத்திருப்பவருக்குப் பொத்தானோடு கேள்வி அனுப்பலாம், ஆனால் அவர் பதில் போட்ட 24 மணி நேரத்துக்குள்தான் நீங்கள் தாராளமாக எழுதிப் பேச முடியும், அதற்குப் பின் மறுபடி ஒப்புதல் பெற்ற வாசகம் மட்டுமே. பொத்தான் போன் வைத்திருப்பவர்களை மறந்துவிடாதீர்கள். சில பழைய பொத்தான் போன்களில் தமிழ் வெறும் கட்டங்களாகத் தெரியும். சேர்த்த அன்றே ஒரு சோதனைச் செய்தி அனுப்பி, அதைச் செவிலியர் முன்னிலையில் அவரையே படித்துக் காட்டச் சொல்ல வேண்டும். எண் அவருடையதுதானா, மைத்துனருடையதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

உள்ளடக்கத்துக்கு வருவோம். அப்பா செய்தி எழுதுகிறவர்கள் அடிக்கடி செய்யும் பிழை, அவரை மேற்பார்வையாளர் ஆக்குவது. இரும்புச்சத்து மாத்திரையை எடுத்துக்கொள்வோம். 'மனைவி தினமும் மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கவனியுங்கள்' என்று எழுதினால் இரவு எட்டு மணிக்கு அந்த வீட்டில் என்ன நடக்கும்? 'மாத்திரை போட்டியா?' என்று ஒரு விசாரணை. அதையே 'மாத்திரையை டீ, காபியோட போட்டா உடம்புல ஒட்டாது. வர்ற வழியில ரெண்டு எலுமிச்சம்பழம் வாங்கிட்டு வாங்க' என்று எழுதினால் அவர் கையில் ஒரு வேலை இருக்கிறது, மனைவிக்கு வேவு பார்க்கும் ஆள் இல்லை. எல்லாச் செய்தியையும் இந்தச் சல்லடையில் சலியுங்கள். மனைவியின் பரிசோதனை முடிவுகளை அப்பாவின் போனுக்கு அனுப்புவது எந்த நிலையிலும் கூடாது.

பிரிந்திருக்கும் மாதங்களில் அவர் செய்யக்கூடியவை நிறைய. 32ஆம் வாரத்தில்: மனைவியின் ரத்த வகை தெரியுமா, கொடுக்க இரண்டு பேர் தயாரா, 108 தவிர இரவில் வரக்கூடிய ஒரு ஆட்டோக்காரர் எண் மாமனார் வீட்டில் இருக்கிறதா. பிக்மி எண் (கர்ப்பத்தை அரசிடம் பதியும்போது கிடைப்பது), ஆதார், வங்கிப் புத்தகம் மூன்றும் ஒரே பையில் மனைவியோடு போயிற்றா. தலைவலி, கண் மங்கல், முகவீக்கம் சேர்ந்து வந்தால், ரத்தம் பட்டால், குழந்தை அசைவு குறைந்தால், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது என்பதை இரண்டு முறையாவது அனுப்புங்கள். போனில் மனைவி இதைச் சொல்லும்போது 'கிளம்பு' என்று சொல்ல வேண்டியவர் அவர். பிறந்தபின், சேனை வைப்பது, மூக்கில் எண்ணெய் விடுவது இரண்டும் அப்பா இல்லாத இடத்தில், பெரியவர்கள் அன்பினால் செய்வது. அங்கே போய்ச் சண்டை போடச் சொல்லக்கூடாது. பிரசவத்துக்கு முந்தைய வாரமே, மாமியாரிடம் சொல்ல அவருக்கு ஒரு வாக்கியம் கொடுங்கள்: 'அத்தை, டாக்டர் ஆறு மாசம் தாய்ப்பால் மட்டும்தான்னு சொல்லியிருக்காங்க, தேன்கூட வேணாமாம்.' பழியை டாக்டர் தலையில் போட்டால் உறவு கெடாது. பிறப்புப் பதிவு 21 நாளுக்குள். 6, 10, 14 வாரத் தடுப்பூசிகளுக்கு அவர் நேரில் போனால் அன்றைக்காவது குழந்தையைக் கையில் ஏந்தியிருப்பார்.

மூன்றாவது தேதிக்கு வந்துவிட்டோம். குழந்தை அதிகம் அழுவது ஆறு முதல் எட்டு வாரம் வாக்கில். அந்த அழுகையைப் பாட்டி சமாளித்துவிடுகிறார். அப்பா பழகவே இல்லை. மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ ஒரு நல்ல நாள் பார்த்துக் குழந்தையும் அம்மாவும் வருகிறார்கள், பாட்டி நான்கு நாள் இருந்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார். ஐந்தாம் நாள் இரவு ஒரு மணிக்குக் குழந்தை வீறிடும்போது, ஒரு அனுபவமும் இல்லாத இருவர். 2010இல் பால்சன், பேஸ்மோர் என்ற இருவர் 43 ஆய்வுகளைத் தொகுத்து வெளியிட்ட கட்டுரைப்படி, பிரசவத்தையொட்டிய காலத்தில் பத்தில் ஒரு அப்பாவுக்கு மனச்சோர்வு இருக்கிறது, அது மிக அதிகமாகத் தெரிந்தது குழந்தையின் மூன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை. நம் ஊரில் குழந்தை அப்பா வீட்டுக்கு வரும் மாதங்களும் அவையே. இதனால்தான் 'வீட்டுக்கு வந்தாச்சா?' என்று இரண்டாம் மாதம் முதல் கேட்டு, அந்தத் தேதியை வாங்கி, தூக்குவது, ஏப்பம் விடவைப்பது, குளிப்பாட்டுவது, இரவைப் பங்கிடுவது எல்லாவற்றையும் அதிலிருந்து எண்ணித் தொடங்க வேண்டும் என்கிறோம். வந்த முதல் வாரத்திலேயே போக வேண்டியது இது, பெரியவர் குரலில்: 'அழுகை நிக்கலையா? கோபம் தலைக்கேறுதா? குழந்தையை மல்லாக்கப் படுக்க வச்சுட்டு பத்து நிமிஷம் வெளியே நில்லுங்க. குலுக்கிடாதீங்க.' இது 122 இடம், இரண்டு துண்டுக்குள் அடங்கும். தாண்ட நேர்ந்தாலும் இந்த ஒன்றுக்கு மட்டும் மூன்றாவது துண்டு தகும்.

மனநிலைக் கேள்வியில் 'மனச்சோர்வு' என்ற சொல்லைப் போடாதீர்கள். ஆண்கள் அதைத் தங்களுக்குச் சொல்லிக்கொள்வதில்லை. 'ஒண்ணும் ஓடலை', 'சும்மா சும்மா எரிச்சல் வருது', 'படுத்தா தூக்கம் வரலை', 'வீட்டுக்குப் போகவே பிடிக்கலை' என்பார்கள், அல்லது வாய் திறக்காமல் தண்ணியின் அளவு கூடும். 1987இல் எடின்பரோவில் உருவான பத்துக் கேள்வி அளவுகோல் தாய்மார்களுக்காகச் செய்யப்பட்டது. அப்பாக்களிடம் பயன்படுத்தும்போது குறைந்த மதிப்பெண்ணையே எச்சரிக்கையாகக் கொள்கிறார்கள். குறுஞ்செய்தியில் பத்துக் கேள்வி நடக்காது. 'இந்த வாரம் எப்படிப் போச்சு?' என்ற ஒரு கேள்வி, 'நல்லா', 'பரவாயில்லை', 'முடியலை' என்று மூன்று பதில், ஒவ்வொன்றுக்கும் ஒரு மிஸ்டு கால் எண். பூட்டிய திரையில் யார் கண்ணில் பட்டாலும் அவருக்குச் சங்கடம் வராத வாசகம் அது.

'முடியலை' வந்தால் 24 மணி நேரத்துக்குள் ஒரு மனிதர் அழைக்க வேண்டும், தமிழில், அவர் வேலை முடித்து வரும் நேரத்தில். அதற்கு ஆள் இல்லை என்றால் கேள்வியையே கேட்காதீர்கள். முடியவில்லை என்று ஒருவர் முதல்முறையாகச் சொல்லி, பதிலுக்கு ஒன்றும் வராமல் போனால் அவர் இரண்டாம் முறை யாரிடமும் சொல்ல மாட்டார். ஆள் போட முடியாத திட்டம், அரசின் மனநல உதவி அழைப்பான டெலி மானஸ் எண் 14416ஐ ஒவ்வொரு மாதமும் அனுப்புவதோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை. அந்த எண்ணில் தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை.

முதல் பிறந்தநாளுக்கு இரண்டு வாரம் முன்பே, செய்திகள் நிற்கப்போகின்றன என்று சொல்லிவிடுங்கள். ஒரு வருடத்துக்கு மேல் வந்துகொண்டிருந்தது திடீரென்று நின்றால், எண்ணில் கோளாறோ என்று தேடுகிறவர்கள் இருப்பார்கள். கடைசிச் செய்தியைக் குழந்தையே சொல்லட்டும்: 'அப்பா, எனக்கு ஒரு வயசு. அடுத்த ஊசி 16 மாசத்துக்கு மேல. தேதியை நீங்களே குறிச்சு வச்சுக்கோங்க, இனிமே நான் நேர்லயே கூப்பிடுவேன்.'